அணைக்க முடியாத டிராக்டர்

எங்கள் ஆலம்படுகையில் உத்திராபதி வீட்டு டிராக்டர் ஆயுத பூஜை அன்று கிளம்பி மாசி மாதம் வரைக்கும் ஒரு நிமிஷம்கூட நிற்காமல் ஓடியது என்று சொன்னால், வெளியூர்க்காரர்கள் முதலில் கேட்பது டீசல் யார் ஊற்றினார்கள் என்றுதான். யாரும் ஊற்றவில்லை. இருந்த டீசல் மறுநாளே தீர்ந்துபோனது, டேங்கைக் கழற்றிக் களத்து ஓரமாகக் கவிழ்த்து வைத்தோம், அதன் அடியில் ஒரு கோழி அடைகாத்துக் குஞ்சும் பொரித்தது, வண்டி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்று எங்களுக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஓடுகிற வண்டி ஓடட்டும். அது ஓடிய நாளெல்லாம் ஊரில் ஒருவராலும் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை என்பதுதான் எங்கள் கஷ்டம், அதைக் கேட்பார் யாரும் இல்லை.

அந்த வருஷம் குறுவை அறுப்பும் ஆயுத பூஜையும் ஒன்றாக வந்து சேர்ந்தன. எங்கள் பக்கத்தில் ஆயுத பூஜை என்றால் அரிவாள், மண்வெட்டி, தையல் மெஷின், சைக்கிள், டிராக்டர் என்று கை தொட்டு வேலை செய்கிற எல்லாவற்றையும் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்து ஒரு நாள் முழுக்கச் சும்மா விட வேண்டும். வருஷம் பூராவும் நமக்காகத் தேய்ந்த சாமான், அன்றைக்கு அதை எழுப்பக் கூடாது, மறுநாள் கற்பூரம் காட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழத்தை நசுக்கிய பிறகுதான் எடுக்க வேண்டும். உத்திராபதி இந்த மாதிரி விஷயங்களில் ஒரு குறையும் வைக்காத மனிதர். காலையிலேயே டிராக்டரைத் தேய்த்துக் குளிப்பாட்டி, முகப்பில் வாழைக்கன்று கட்டி, ஸ்டியரிங்கில் சிவப்புத் துணி சுற்றி, பொரியும் சுண்டலும் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, ஆயுதங்களுக்குத் துணையாகத் தானும் ஓய்வெடுக்கப் போனார். அவர் மனைவி தையல்நாயகி சுண்டல் தாளித்த சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அரிவாள்மனைக்கும் அம்மிக்கும் காலையில் வைத்த குங்குமம் அதற்குள் அழிந்துபோயிருந்தது, தேங்காய் துருவாமல் மிளகாய் அரைக்காமல் பூஜைக்குப் படைக்க முடியாது என்பதால் அதை யாரும் குற்றமாக எடுத்துக்கொள்வதில்லை.

மத்தியானத்துக்கு மேல் கிழக்கே கடல் பக்கம் வானம் கருத்தது. அறுத்துத் தூற்றி மூட்டை பிடித்த நெல் அத்தனையும் களத்தில் திறந்தவெளியில் கிடந்தது. தையல்நாயகி போய் உத்திராபதியை எழுப்பினாள், அவர் இன்றைக்கு வண்டியைத் தொடக் கூடாது என்றார், அவள் வானத்தைக் காட்டினாள், அவர் சாமி நாளில் சாமியே மழையை விடாது என்று சொல்லிப் புரண்டு படுத்தார். அவள் கொஞ்ச நேரம் வாசலில் நின்று மேகத்தையும் மூட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஹேண்டிலை எடுத்துக்கொண்டு களத்துக்குப் போனாள்.

அது பழைய காலத்து இரண்டு சிலிண்டர் வண்டி, பேட்டரி எப்போதோ செத்துப்போனது, முன்னால் ஹேண்டிலைச் சொருகிச் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். முதல் சுற்றில் ஹேண்டில் திருப்பி உதைத்து அவளுடைய வலது மணிக்கட்டில் இறங்கியது. வலியில் கண்ணில் தண்ணீர் வந்தது, ஸ்டியரிங்கில் கட்டியிருந்த சிவப்புத் துணியை அவிழ்த்து மணிக்கட்டில் இறுக்கிச் சுற்றிக்கொண்டு மறுபடி சுற்றினாள், வண்டி பிடித்துக்கொண்டது. எலுமிச்சம்பழம் கற்பூரம் பார்க்காமலே நசுங்கியது. அக்கம்பக்கத்துப் பெண்கள் மூட்டை ஏற்ற, அவளே ஓட்டிக்கொண்டு போய்க் கொள்முதல் நிலையத்துக் கொட்டகைக்குள் நெல்லை இறக்கி முடிக்கவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. நனைந்துகொண்டே வீடு வந்து, களத்தில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைக்கிற ஸ்டாப்பரை இழுத்தாள். வண்டி அணையவில்லை.

அப்புறம் ஊரே வந்து அணைத்துப் பார்த்தது. டீசல் குழாயைக் கழற்றினார்கள், காற்று போகிற வழியில் ஈரச் சாக்கை வைத்து அடைத்தார்கள், கியரைப் போட்டு பிரேக்கை மிதித்து கிளட்சை விட்டார்கள், கடைசியில் ஒருவர் கோபத்தில் சைலன்சருக்குள் ஒரு பூசணிக்காயைத் திணித்தார், அது வெந்து வெளியே வந்தது. வண்டி ஒன்றையும் சட்டை செய்யவில்லை. சத்தமும் டிராக்டர் சத்தமாக இல்லை. ஒரு அடி, ஒரு கண் சிமிட்டுகிற இடைவெளி, மறுபடி ஒரு அடி என்று, எந்த டீசல் இன்ஜினும் அவ்வளவு மெதுவாக ஓடி உயிரோடு இருக்க முடியாது என்கிற வேகத்தில், டப், டப் என்று நிதானமாக அடித்துக்கொண்டிருந்தது. அந்த அடி தரை வழியாக வந்து சுவரில் ஏறி, பாத்திரத்தில் ஏறி, எங்கள் முழங்காலுக்குள் புகுந்துகொண்டது.

நடக்கலாம், நிற்கலாம், படுத்துக்கூடப் புரளலாம், உட்கார மட்டும் முடியாது. உட்கார்ந்தால் எதையோ அடுப்பில் மறந்து வைத்துவிட்டு வந்தமாதிரி ஒரு பதற்றம் வந்து எழுப்பிவிடும். பக்கிரிசாமி டீக்கடை பெஞ்சில் புழுதி படிந்தது. பெண்ணின் அப்பா பாயில் உட்கார்வதும் எழுவதுமாக இருந்ததைப் பார்த்துப் பெண் பார்க்க வந்த கும்பகோணத்துக்காரர்களுக்குச் சந்தேகம் வந்து சம்பந்தமே முறிந்தது. சவரம் நின்றுகொண்டே நடந்தது, பந்தி நின்றுகொண்டே நடந்தது, வருஷக்கணக்காக நடந்த வரப்புத் தகராறு ஒன்று இரண்டு பக்கத்தாரும் பஞ்சாயத்தில் உட்கார முடியாததால் சீக்கிரமாகவே தீர்ந்தது. பிள்ளைகள் வண்டி அடிக்குத் தகுந்தபடி கால் வைத்துப் பள்ளிக்கூடம் போனார்கள், பெண்கள் அந்த அடியை வைத்தே உலை கொதிக்கிற நேரத்தைக் கணக்குப் பண்ணிக்கொண்டார்கள். மனுசன் எதற்குத்தான் பழகமாட்டான். தையல்நாயகிக்கு மட்டும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை, அவள் அதற்கு முன்னாலும் உட்கார்ந்ததில்லை.

ஊர் முழுக்க அல்லாடிக்கொண்டிருந்தபோது நன்றாகத் தூங்கியவர் உத்திராபதி ஒருவர்தான். ஐப்பசி மழையில் அவருக்கு உடம்பு கொஞ்சம் சுட்டது. தையல்நாயகி கஞ்சி எடுத்துக்கொண்டு போனவள், தூங்குகிறவரை எழுப்ப மனமில்லாமல், அவர் மணிக்கட்டைக் கையில் எடுத்துக் கட்டை விரலை அழுத்திப் பார்த்தாள். விரலுக்கு அடியில் நாடி அடித்தது. வெளியே களத்தில் வண்டி அடித்தது. இரண்டும் ஒரே அடியாக இருந்தன. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி பார்த்தாள், அது தப்பவே இல்லை, நாடிக்கு ஒரு அடி வண்டிக்கு ஒரு அடி என்று இரண்டும் கை கோத்துக்கொண்டு போயின. கஞ்சிக் கிண்ணம் கை நழுவி விழுந்ததை அவள் கவனிக்கவில்லை.

பூஜை அன்று வண்டியை எழுப்பியது தான், தண்டனை புருஷனுக்கு விழுந்துவிட்டது, இனிமேல் வண்டி நின்றால் அவர் நின்றுவிடுவார் என்று அவள் அழுதபோது, ஊரில் எல்லாரும் ஒவ்வொருவராக வந்து உத்திராபதியின் கையைத் தொட்டுப் பார்த்தோம். எல்லாருக்கும் அதே அடிதான் கேட்டது. அந்தக் களத்துக்குப் பக்கத்தில் நின்று சுவரைத் தொட்டிருந்தாலும் அதே அடிதான் கேட்டிருக்கும், அது வேறு விஷயம். பெண்பிள்ளை அழுதுகொண்டு நிற்கும்போது யாரும் சுவரைத் தொட்டுப் பார்ப்பதில்லை. அன்றோடு வண்டியை உடைத்துப்போடலாம் என்ற பேச்சு நின்றது. உட்கார முடியாத ஊர் ஒருபக்கம், ஒரு ஆளின் உயிர் ஒருபக்கம் என்று தராசில் வைத்தால் நாங்கள் எந்தப் பக்கம் இருப்போம் என்பதில் எங்களுக்கு இப்போதும் பெருமைதான்.

உத்திராபதியை எல்லாரும் கண்ணாடிச் சாமானாகப் பார்த்துக்கொண்டோம். வயலுக்குப் போகக் கூடாது, குனியக் கூடாது, சத்தம்போட்டுப் பேசக் கூடாது, அவர் கோபப்பட்டால் வண்டி எகிறிவிடும். முட்டை வந்தது, நாட்டுக்கோழி வந்தது, மாலையில் கால் பிடித்துவிட ஆள் வந்தது. முதலில் கொஞ்சம் பயந்துபோயிருந்தவர், நல்ல மனிதர், ஊர் இவ்வளவு கேட்கும்போது மறுப்பது மரியாதையில்லை என்று நினைத்து வேப்ப மரத்தடிக் கட்டிலில் சாய்ந்துகொண்டார். அவர் வேலையும் தையல்நாயகி தலையில் விழுந்தது. வண்டி விடியற்காலையில் வேகமாக அடிப்பதையும், தண்ணீர் எடுக்கிற நேரத்தில் எகிறுவதையும், சாயங்காலம் அடுப்புப் புகையோடு சேர்ந்து துடிப்பதையும் நாங்கள் கவனிக்காமல் இல்லை. அந்த நேரமெல்லாம் உத்திராபதி கட்டிலில்தான் கிடந்தார். பாவம், கெட்ட கனவு காண்கிறார் என்று பேசிக்கொண்டோம்.

கார்த்திகையில் வண்டிச் சத்தத்தில் ஒரு கரகரப்பு சேர்ந்தது. அணையாது என்பதால் தேயாது என்று ஆகிவிடுமா, இரும்புதானே. தையல்நாயகி நடுங்கிப்போனாள். முதலில் வண்டி நிற்க வேண்டுமே என்று ஊர் தவித்தது, இவள் வண்டி நின்றுவிடக் கூடாதே என்று மெக்கானிக்கைத் தேடிக்கொண்டு போய், மன்னார்குடியிலிருந்து மரியசூசையை அழைத்துவந்தாள். மரியசூசை வாய் ஓயாத ஆள். தான் கை வைத்து எழும்பாத வண்டி இந்த ஜில்லாவில் கிடையாது என்று பஸ்ஸை விட்டு இறங்கும்போதே சொல்லிக்கொண்டு இறங்கினார். களத்துக்கு வந்தவர் நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையை இன்ஜினில் ஊன்றிப் பிடியைக் காதில் வைத்துக் கேட்டார், சைலன்சர் வாயில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், புகையில்லை, வெதுவெதுப்பாகக் காற்று மட்டும் வந்தது. ஆயிலைத் தொட்டு இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்து வெயிலில் காட்டினார். அதில் மினுமினுவென்று பொடி இருந்தது. அது பேரிங்கிலிருந்து உதிர்கிற பொடி, உள்ளே பிஸ்டன் ரிங்கும் போயிருக்கிறது, பிரித்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார்.

"நிறுத்தாம பிரிக்க முடியுமா தம்பி?" என்று தையல்நாயகி கேட்டாள்.

மரியசூசை ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் வண்டியைச் சுற்றி வந்தார். "அது நிக்கமாட்டேங்குது. நான் எங்கேர்ந்து அக்கா அத நிறுத்தப்போறேன்" என்று சொல்லிவிட்டு ஸ்பானரை எடுத்தார்.

அன்றைக்குக் களத்தில் நடந்தது எங்களுக்கு நன்றாக நினைவிருக்கிறது. பெரிய படுதாவை விரித்து, இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றி வைத்தார், வால்வுகள் படுதாவில் கிடந்தபடியே திறந்து மூடிக்கொண்டிருந்தன. பிஸ்டனை உருவினார், அது கையில் இருந்தபடியே ஏறி இறங்கியது. பம்பைக் கழற்றினார், அது யாருக்கு என்று தெரியாமல் துப்பிக்கொண்டே இருந்தது. எடுத்து வைத்தால் உருண்டு போய்விடுகிறது என்பதால் ஆளுக்கு ஒரு சாமானாகப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். ஆண்கள் பிஸ்டனையும் ராடையும் பிடித்துக்கொண்டார்கள், பெண்கள் வால்வுகளை வாங்கி, துள்ளுகிற பிள்ளையைக் குளிப்பாட்டுகிறமாதிரி மண்ணெண்ணெயில் கழுவிக் கரி சுரண்டினார்கள், வண்டி எங்கள் அத்தனை பேர் கையிலும் பிரிந்து கிடந்து ஒரே அடியாக அடித்துக்கொண்டிருந்தது. உடைந்த ரிங்கைத் தூக்கிப்போட்டுப் புதுசு போட்டார், தேய்ந்த பேரிங்கை மாற்றினார், வால்வைப் பதமாகத் தேய்த்து உட்கார வைத்தார். நடுநடுவே எல்லாரும் உத்திராபதியைத் திரும்பிப் பார்த்தோம். அவர் கட்டிலில் படுத்தபடியே இன்னொரு கிளாஸ் டீ கேட்டார்.

தையல்நாயகி வேப்ப மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வெளுத்து, நெஞ்சில் கை வைத்து, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள், உடம்பு வியர்வையில் நனைந்திருந்தது. பயத்தில் அப்படி இருக்கிறது என்று அவளும் நினைத்தாள், நாங்களும் நினைத்தோம். மரியசூசை எல்லாவற்றையும் திரும்பப் பூட்டிக் கடைசி போல்ட்டை இறுக்கியதும் சத்தம் பளிச்சென்று ஆனது, கரகரப்பு போன இடம் தெரியவில்லை. அன்று சாயங்காலம் தையல்நாயகிக்கு உடம்பு இலேசாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் ஒரு குடம் தூக்குகிற இடத்தில் இரண்டு குடமாகத் தூக்கினாள்.

மார்கழியில் மறுபடி பொடி உதிர்ந்தது. தை அறுப்பில் இன்னும் அதிகமாக உதிர்ந்தது. மரியசூசை மன்னார்குடிக் கடையை மச்சானிடம் விட்டுவிட்டு எங்கள் ஊரிலேயே தங்கிவிட்டார். பெருமை ஒருபக்கம், அந்த வண்டியை விட்டுப் போனால் அவருக்குத் தூக்கம் வராது என்பது இன்னொரு பக்கம். புது பேரிங் போடப் போட, போட்ட வேகத்தில் தேய்ந்தது. இடம்விட்டு நகராத வண்டியில் எதற்கு இவ்வளவு தேய்மானம், எந்தச் சுமையை இது இழுக்கிறது என்று தலையைச் சொறிந்துகொண்டார். தையல்நாயகியோ வண்டி கரகரக்கும்போதெல்லாம் புருஷனுக்கு ஏதோ பாரமாக இருக்கிறது என்று நினைத்து, இருந்த கொஞ்சநஞ்ச வேலையையும் அவரிடமிருந்து பிடுங்கித் தானே செய்தாள். குளத்துக்குப் போய்க் குளித்துக்கொண்டிருந்தவருக்கு வெந்நீர் வைத்துத் தூக்கிக்கொண்டு போனாள். அவள் அவசரப்பட வண்டி எகிறியது, வண்டி எகிற அவள் பயந்தாள், பயந்து இன்னும் அவசரப்பட்டாள்.

மாசியில் ஒரு காலை மரியசூசை அவளைத் தனியாகக் கூப்பிட்டு, இன்ஜினுக்கு முதுகெலும்பான கிராங்க்கே தட்டத் தொடங்கிவிட்டது, இனிமேல் மாற்ற ஒன்றுமில்லை, எந்த நேரமும் இறுகிப்போய் நின்றுவிடும் என்று சொன்னார். சொல்லும்போது அவர் கண் கலங்கியது. தையல்நாயகி அழவில்லை. கடைசி வயல் அறுப்பு பாக்கி இருந்தது, ஆட்கள் வந்து காத்திருந்தார்கள். அவள் அரிவாளை எடுத்துக்கொண்டு வயலில் இறங்கிவிட்டாள், வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அன்றைக்குத்தான் நர்ஸ் ஜெய்புன்னிசா பிள்ளைகளுக்கு ஊசி போட வந்தார். ஊருக்குள் வந்த நேரத்திலிருந்து உட்கார முடியாமல் எரிச்சலில் இருந்தவரை இழுத்துக்கொண்டு போய்க் கட்டிலுக்கு முன்னால் நிறுத்தி, இவர் உயிரைக் காப்பாற்றுங்கள் என்று சொன்னோம். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உத்திராபதியின் மணிக்கட்டைப் பிடித்தார். வண்டி பக்கம் திரும்பிக் கேட்டார். மறுபடி பிடித்துப் பார்த்தார். பிறகு கையை விட்டுவிட்டு, இவருக்கு அடிப்பது வேறு, வண்டி அடிப்பது வேறு, வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிற மனிதருக்கு எப்படி அடிக்குமோ அப்படி அடிக்கிறது, சொல்லப்போனால் எடைதான் கொஞ்சம் கூடியிருக்கிறது என்றார்.

நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. வாக்குவாதம் முற்றி யாரோ ஓடிப்போய்த் தையல்நாயகியைக் கூப்பிட்டார்கள், அவள் தலையில் நெற்கட்டோடு வரப்பு மேல் ஓடிவந்தாள், அவள் ஓடிவர வண்டி தடதடவென்று எகிறியது. கட்டைக் கீழே போட்டுவிட்டு உத்திராபதியின் கையைப் பிடுங்கிக் கட்டை விரலை அழுத்தினாள்.

"பாருங்கம்மா. இதே அடிதான். நல்லா பாருங்க."

ஜெய்புன்னிசா உத்திராபதியைப் பார்க்கவில்லை, அவள் கட்டை விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கட்டை விரல்ல நாடி பாத்தா உங்க நாடிதாம்மா தெரியும்" என்றார். "கட்டை விரலுக்குள்ளயே ஒண்ணு அடிச்சுக்கிட்டு இருக்கும். இவ்வளவு நாளும் நீங்க பாத்தது உங்களத்தான்."

அவர் தையல்நாயகியின் வலது கையைப் பிடித்தார். ஹேண்டில் உதைத்த இடத்தில் எலும்பு கொஞ்சம் புடைத்து, அதன் மேல் சாயம் போன சிவப்புத் துணி இன்னும் சுற்றியிருந்தது, அதை அவிழ்க்க அவளுக்கு நேரம் கிடைத்ததில்லை. துணியை விலக்கி மூன்று விரலை வைத்தார். ஒவ்வொரு அடிக்கும் அவர் தலையசைக்க, ஒவ்வொரு தலையசைப்புக்கும் களத்தில் வண்டி அடித்தது. விடியற்காலை எகிறிய வண்டியும், குடத்தோடு எகிறிய வண்டியும், பிரித்துப் போட்ட அன்று வேப்ப மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவளும், ஒவ்வொன்றாக எங்களுக்கு நினைவு வந்தது. மரியசூசை தனக்குள் சொல்லிக்கொள்கிறமாதிரி, எந்தச் சுமையை இழுக்குது என்று பார்த்துக்கொண்டே இருந்தேனே என்றார்.

உத்திராபதி கட்டிலை விட்டு எழுந்தார். தன் உயிர் போய்விடும் என்று ஊரே சொன்ன நாளில்கூட அவர் இப்படிப் பயந்ததில்லை. கீழே கிடந்த நெற்கட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, அதை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று தெரியாமல் நின்றார். "தையலு, நீ உக்காரு" என்றார். அவள் உட்கார்ந்து பார்த்தாள், பதறி எழுந்துவிட்டாள். அடுப்பில் உலை இருக்கிறது, மாடு தண்ணீர் குடிக்கவில்லை, ஆட்களுக்குச் சோறு போக வேண்டும். வண்டி உள்ளே எதுவோ மோதுகிறமாதிரி தட்டியது.

எங்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தோம். விட்டுப்போன நாளைத் திரும்பக் கொடுப்பது என்று முடிவு பண்ணினோம். மாசி மாதத்தில் ஆயுத பூஜையா என்று பூசாரி இழுத்தார், ஊர் பார்த்த பார்வையில் மணியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். மறுநாள் காலை டிராக்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைக் குளிப்பாட்டிச் சந்தனம் வைத்தோம், சக்கரத்துக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தோம். அப்புறம் உத்திராபதி வீட்டுக்குள் போய் அரிவாள்மனை, அம்மிக் குழவி, விளக்குமாறு, முறம், தோசைக்கல், குடம், ஊதுகுழல் என்று ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து வண்டிக்குப் பக்கத்தில் படுதாவில் அடுக்கினார், அடுக்க அடுக்க அது வளர்ந்துகொண்டே போனது, இவ்வளவுமா என்று அவர் வாய்விட்டே கேட்டுவிட்டார். எல்லாவற்றுக்கும் குங்குமம் வைத்தோம், இன்றைக்கு இந்தக் குங்குமம் அழியக் கூடாது என்றோம். மற்ற வீட்டுப் பெண்கள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், கொஞ்ச நேரத்தில் அவரவர் வீட்டு அம்மியும் குடமும் வந்து சேர்ந்து களம் நிறைந்துவிட்டது. சமையல் ஆண்கள் பொறுப்பு. அந்தச் சோற்றைப் பற்றி எதுவும் கேட்காதீர்கள்.

தையல்நாயகியை வேப்ப மரத்தடிக் கட்டிலில் உட்கார வைத்தோம். அவள் கை சும்மா இருக்க மாட்டாமல் முந்தானையை நீவியது, கட்டிலில் ஒட்டியிருந்த வைக்கோலைப் பொறுக்கியது, சோறு அடிப்பிடிக்கிற வாசனை வந்தபோது எழுந்தே விட்டாள், மரியசூசை வந்து வழியை மறித்துக்கொண்டு நின்றார்.

"இந்த வண்டிக்கு இனிமே போட என்கிட்ட சாமான் இல்லக்கா. உக்காருங்க."

அவள் உட்கார்ந்தாள். வெயில் ஏறியது. வண்டி கொஞ்சம் நிதானப்பட்டது. அவள் தலை சாய்ந்தது, நிமிர்ந்தது, மறுபடி சாய்ந்தது. கால்களை மேலே எடுத்துக்கொண்டு ஒருக்களித்துப் படுத்தாள், வண்டியின் அடிக்கும் அடிக்கும் நடுவில் இடைவெளி நீண்டது, தட்டல் தேய்ந்து, கரகரப்பு தேய்ந்து, அடியே தேய்ந்து, ஒரு அடி அடித்தது, வெகுநேரம் கழித்து இன்னொரு அடி அடித்தது, அடுத்த அடிக்கு நாங்கள் எல்லாரும் காத்துக்கொண்டு நின்றோம். அது வரவில்லை.

நின்றுவிட வேண்டும் என்று எத்தனையோ நாள் வேண்டிக்கொண்ட சத்தம், நின்றபோது எல்லாரும் கட்டிலைப் பார்த்தோம். தூரத்தில் வாய்க்கால் ஓடுகிற சத்தம் கேட்டது, அது இத்தனை நாள் ஓடிக்கொண்டிருந்ததையே மறந்திருந்தோம். அன்றைக்கும் வந்திருந்த ஜெய்புன்னிசா முன்னால் வந்தார், அதற்குள் உத்திராபதி கட்டிலருகே மண்டி போட்டிருந்தார். கரண்டிச் சூடு பட்டுக் கொப்பளித்திருந்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, அவள் மணிக்கட்டை எடுத்தார். கட்டை விரலை உள்ளங்கைக்குள் மடக்கி வைத்துக்கொண்டார், மற்ற மூன்று விரலையும் புடைத்த எலும்புக்குப் பக்கத்தில் வைத்தார். தேடினார். அவர் முகம் போன போக்கைப் பார்த்துப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். விரலைக் கொஞ்சம் நகர்த்தினார், கண்ணை மூடிக்கொண்டார், இருந்த இடத்திலேயே அசையாமல் இருந்தார். பிறகு அவர் தோள் குலுங்கத் தொடங்கியது.

"அடிக்குதுங்க" என்றார், யாரைப் பார்த்துச் சொல்கிறோம் என்று தெரியாமல். "தனியா அடிக்குது."

தையல்நாயகி கண்ணைத் திறக்கவில்லை.

"கைய விடுங்க" என்றாள். "நான் தூங்கணும்."

அவர் கையை விட்டார். அப்போதுதான் எங்களுக்கும் நினைவு வந்தது. அவரவர் நின்ற இடத்திலேயே, களத்து மண்ணில், அம்மிகளுக்கும் குடங்களுக்கும் நடுவில், ஊர் மொத்தமும் மெதுவாக உட்கார்ந்தது.